பி.ரி.ஓ. தண்டின் குறுக்கு மூட்டும் அதன் பராமரிப்பும்

உழவு இயந்திரத்துக்குக் காலத்துக்குக் காலம் ஒயில் மாற்றுகிறோம். றேடியேற்றரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த நல்ல சாரதியும் காலையில் இயந்திரத்தை இயக்குவதில்லை. ரொட்டவேற்றரின் கத்திகள் தேய்ந்தால் அவற்றையும் மாற்றுகிறோம். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே நின்று, முன்னதன் பலத்தைப் பின்னதற்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தண்டைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. உழவு இயந்திரத்தைக் கவனிப்பவர் அது ரொட்டவேற்றரின் பாகம் என்று விட்டுவிடுகிறார். ரொட்டவேற்றரைக் கவனிப்பவர் அது உழவு இயந்திரத்தின் பாகம் என்று விட்டுவிடுகிறார். இரண்டு வளவுக்கும் பொதுவான வேலிக்காவது வழக்குப் பேச ஆள் இருக்கும். இந்தத் தண்டுக்கு அதுவும் இல்லை.

இதன் விளைவு பெரும்பாலும் காலபோக விதைப்புக் காலத்திலேதான் தெரியவருகிறது. மழை விழுந்து, கட்டுக்கரைக்குளத்தின் கீழும் இரணைமடுவின் கீழும் உள்ள வயல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உழவு கேட்கும்போது, நடுவயலில் மூட்டு உடைந்து இயந்திரம் நின்றுவிடுகிறது. உதிரிப்பாகம் பட்டினத்திலிருந்து வரவேண்டும். இயந்திரக்காரருக்குக் கூலி நட்டம். ஏக்கர் கணக்கில் பேசி உழவு பிடித்த விவசாயிக்கு விதைப்புப் பிந்தும் நட்டம். உடைந்த தண்டு சும்மா விழுந்து கிடப்பதுமில்லை. ஒரு முனை கழன்று, மறுமுனை இயந்திரத்தோடு சேர்ந்து இன்னும் சுழன்றுகொண்டிருந்தால், எட்டிய தூரத்தில் உள்ள எதையும் அது அடித்து நொறுக்கும். அங்கே ஒரு மனிதர் நின்றால் அவரையும்.

இயந்திரம் வைத்திருப்பவரும், ஓட்டுபவரும், கூலிக்குப் பிடிப்பவரும் இந்தத் தண்டைப் பற்றி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். இங்கே சொல்லப்படுபவற்றுள் பெரும்பாலானவற்றைச் செய்ய ஒரு கிறீஸ் பம்பும், ஒரு பழந்துணியும், நாளொன்றுக்குக் கால் மணி நேரமும் போதும்.

மூட்டின் அமைப்பு

பி.ரி.ஓ. என்பது உழவு இயந்திரத்தின் பின்புறத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குறுந்தண்டு. எமது வயல்களில் ஓடும் மசே பேர்கியூசன் 135, 240 போன்றவற்றில் அதன் விட்டம் 1⅜ அங்குலம், அதாவது ஏறக்குறைய 35 மி.மீ. சுற்றிவர ஆறு பற்கள். நியம வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. ரொட்டவேற்றர், சூடடிக்கும் இயந்திரம், நீர்ப்பம்பி எதுவானாலும் இந்தக் குறுந்தண்டிலிருந்துதான் பலத்தை எடுக்கிறது.

நேரான இரும்புத் தண்டு ஒன்றினால் இரண்டையும் இணைத்துவிட முடியாது. ரொட்டவேற்றர் மேலே தூக்கப்படுகிறது, கீழே இறக்கப்படுகிறது, வரம்பில் ஏறி விழுகிறது. ஆகவே இணைக்கும் தண்டு சுழலவும் வேண்டும், வளையவும் வேண்டும், நீண்டு குறுகவும் வேண்டும். நீண்டு குறுகுவதற்கு ஒன்றினுள் ஒன்று நுழையும் இரு குழாய்கள் உண்டு. வளைவதற்குத்தான் இரு முனைகளிலும் மூட்டுகள். கராஜில் 'யூனிவேர்சல் ஜொயின்ற்' என்பார்கள். இன்னும் சுருக்கமாகக் 'குறொஸ்' என்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலியரான கார்டானோவின் பெயரும், 17ஆம் நூற்றாண்டில் அதை ஆராய்ந்து விளக்கிய ஆங்கிலேயரான றொபேட் ஹூக்கின் பெயரும் அந்த மூட்டுக்கு வழங்கிவருகின்றன. வடிவம் அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை.

மூட்டைப் பிரித்துப் பார்த்தால் மூன்று பொருட்கள் தெரியும். இரண்டு கவைகள்; கெற்றப்போல் கவையைப் போன்றவை, ஆனால் இரும்பால் ஆனவை. அவற்றின் நடுவே கூட்டல் அடையாளம் போன்ற ஒரு குறுக்கு. குறுக்கின் நான்கு கைகளிலும் நான்கு தொப்பிகள். ஒவ்வொரு தொப்பியின் உள்ளேயும் குண்டூசி போன்ற மெல்லிய உருக்கு ஊசிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். இதுவே ஊசிப் பெயாரிங். குறுக்கின் வயிற்றில் உள்ள நிப்பிளில் கிறீஸ் ஏற்றினால், உள்ளே துளைக்கப்பட்ட வாய்க்கால்கள் வழியாக நான்கு கைகளுக்கும் அது போய்ச் சேரவேண்டும். சேரவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். சேர்கிறதா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரே சுற்றில் இரண்டு வேகம்

இந்த மூட்டில் ஒரு குறை உண்டு. இதை விளங்கிக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. மூட்டு வளைந்த நிலையில் சுழலும்போது, முன்தண்டு ஒரே சீரான வேகத்தில் சுழன்றாலும், பின்தண்டு அப்படிச் சுழல்வதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அது இரண்டு முறை விரைகிறது, இரண்டு முறை தயங்குகிறது. கால் சுற்றுக்கு ஒருமுறை இரண்டும் சமப்படும். இடையில் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். முன்தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று ஓடுகிறது, மூட்டு 10 பாகை வளைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்தண்டின் வேகம் 532க்கும் 548க்கும் இடையே ஏறி இறங்கும். இது பெரிதல்ல. ஆனால் 30 பாகை வளைந்தால் 468க்கும் 624க்கும் இடையே ஆடும். 45 பாகையானால் 382க்கும் 764க்கும் இடையே. நிமிடத்துக்கு 540 என்றால் செக்கனுக்கு 9 சுற்று. அப்படியானால் செக்கனுக்கு 18 தடவை அந்தத் தண்டு இழுபடுகிறது, 18 தடவை பின்தள்ளப்படுகிறது. ரொட்டவேற்றரை மேலே தூக்கியபின்னும் பி.ரி.ஓ.வை நிறுத்தாமல் வரம்போரத்தில் திருப்பும்போது கேட்கும் அந்தக் 'கடகட' சத்தம் இதுவே. அது சத்தம் மட்டுமல்ல. ஒவ்வொரு 'கட'வும் ஊசிப் பெயாரிங்கில் விழும் ஓர் அடி.

இந்தக் குறையைத் தீர்க்கும் வழி மிக அழகானது. ஒரு மூட்டு செய்த குழப்பத்தை இன்னொரு மூட்டைக் கொண்டு எதிர்த்திசையில் செய்வித்து நேராக்கிவிடுவது. தண்டின் இரு முனைகளிலும் மூட்டு இருப்பது வளைவதற்கு மட்டுமல்ல, இதற்காகவும்தான். ஆனால் இரண்டாவது மூட்டு முதலாவதன் குழப்பத்தைத் தீர்க்க வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் உண்டு.

முதலாவது: நடுத்தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் இரண்டும் ஒரே தளத்தில் இருக்கவேண்டும். முன்கவை படுக்கையாக இருந்தால் பின்கவையும் படுக்கையாக இருக்கவேண்டும். குழாய்களைப் பிரித்துக் கழுவிவிட்டுத் திரும்பப் பூட்டும்போது இது தவறுவதுண்டு. குழாயின் குறுக்குவெட்டு எலுமிச்சம்பழ வடிவில் இருந்தால் பிழையாகப் பூட்டுவது கடினம். பல பற்கள் உள்ள தண்டானால் ஒரு பல் தள்ளிப் பூட்டலாம். நாற்சதுரக் கம்பியும் நாற்சதுரக் குழாயும் உள்ள பழைய வகையோ எல்லாவற்றிலும் மோசம். அதைச் சரியாகக் கால் சுற்றுத் திருப்பி, ஒன்றும் நடக்காததுபோல் பூட்டிவிட முடியும். அப்படிப் பூட்டினால் இரண்டாவது மூட்டு குழப்பத்தைத் தீர்ப்பதற்குப் பதிலாக இரட்டிப்பாக்கும். 30 பாகை வளைவில் ரொட்டவேற்றருக்குப் போகும் வேகம் 405க்கும் 720க்கும் இடையே துள்ளும். புதுக் குறுக்குப் போட்டும் ஒரு போகம் தாங்கவில்லை, சாமான் சரியில்லை என்று கடைக்காரரைக் குறைசொல்லும் முன், கவைகள் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. தண்டைப் பிரிக்கும்போது இரு குழாய்களிலும் ஒரே நேரில் சென்ரர் பஞ்சினால் ஒவ்வொரு புள்ளி அடித்துவிட்டால் பிறகு எவர் பூட்டினாலும் பிழை வராது. சோக்கினால் கீறினால் கழுவும்போது அது போய்விடும்.

இரண்டாவது: இரண்டு மூட்டுகளும் ஒரே அளவு வளைய வேண்டும். ரொட்டவேற்றரின் கியர்ப்பெட்டித் தண்டும் உழவு இயந்திரத்தின் பி.ரி.ஓ. தண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருந்தால் இது தானாகவே நடக்கும். மேல் இணைப்புத் தண்டை, அதாவது 'ரொப் லிங்க்'கைச் சுற்றி நீட்டிக் குறுக்கி இதைச் சரிசெய்யலாம். ரொட்டவேற்றரை வேலை செய்யும் ஆழத்தில் நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் குந்தியிருந்து பார்த்தால் போதும். கண்ணுக்கே தெரியும். சூடடிக்கும் இயந்திரத்துக்கும் நீர்ப்பம்பிக்கும் இது இன்னும் இலகு. உழவு இயந்திரத்தை அவற்றுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினால் சரி. இடவசதிக்காகச் சரித்து நிறுத்துவதும், பிறகு ஐந்தாறு மணி நேரம் அப்படியே ஓடவிடுவதும் குறுக்கைக் கொல்லும் வழி.

அப்படியானால் வளைவே இல்லாமல், ஊசி போல நேராக ஓட்டினால் நல்லதுதானே என்று எவராவது கேட்கக்கூடும். அதுவும் முழுதாக நல்லதல்ல. வளைவு இருந்தால்தான் குறுக்கின் கைகள் தொப்பியினுள் சற்று அசையும். ஊசிகள் உருண்டு கிறீஸைப் பரப்பும். வளைவே இல்லையானால் ஒவ்வோர் ஊசியும் ஒரே இடத்தில் நின்று அழுத்தி, கையில் தன் அளவுக்கு ஒரு பள்ளத்தைப் பதித்துவிடும். சில பாகை வளைவு நன்மையே.

மோட்டார் சைக்கிளிலும் இதே மூட்டுத்தான்

செயின் இல்லாமல் தண்டினால் ஓடும் மோட்டார் சைக்கிள்கள் உண்டு. ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1923இல் வெளியிட்ட தன் முதல் மோட்டார் சைக்கிளான ஆர் 32 முதல் இந்த முறையைக் கையாண்டு வருகிறது. 1980களின் நடுப்பகுதி வரை வந்த அதன் பெரும்பாலான வண்டிகளில் கியர்ப்பெட்டிப் பக்கத்தில் ஒரு குறுக்கு மூட்டு மட்டுமே இருந்தது. தண்டு ஒயிலில் ஓடியது. 1987இல் ஆர் 100 ஜி.எஸ். போன்றவற்றில் 'பரலீவர்' என்ற புதிய பின்கை வந்தபோது தண்டின் இரு முனைகளிலும் மூட்டுகள் வைக்கப்பட்டன. தண்டு ஒயில் இல்லாமல் ஓடியது. அந்த மூட்டுகளில் கிறீஸ் நிப்பிள் இல்லை. தொப்பிகளும் சேர்கிளிப்பினால் பிடிக்கப்படாமல், கவையிலேயே அடித்து இறுக்கப்பட்டிருந்தன. கிறீஸ் ஏற்ற வழியில்லை; தேய்ந்தால் சாதாரண கராஜில் மாற்றவும் வழியில்லை. அந்த வண்டிகளைப் பழையதாக வாங்குபவர்கள் முதலில் கேட்பது தண்டைப் பற்றித்தான்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. உதிரிப்பாகக் கடையில் 'கிறீஸ் தேவையில்லாத குறொஸ்' என்று ஒன்றைக் காட்டினால், அது வசதி என்று எண்ணி உடனே வாங்கிவிட வேண்டாம். காய்ந்த தெருவில் ஓடும் வண்டிக்கு அது பொருந்தலாம். சேற்றுத் தண்ணீரில் உழும் தண்டுக்கு நிப்பிள் உள்ள குறுக்கே வேண்டும்.

கிறீஸ் ஏற்றுதல்

பி.ரி.ஓ. தண்டின் குறுக்குகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேர வேலைக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்றும்படி உற்பத்தியாளர்களின் கைநூல்கள் பொதுவாகச் சொல்கின்றன. எமது கணக்கில் அது நாளுக்கு ஒருமுறை. உங்கள் தண்டின் கைநூல் வேறு அளவு சொன்னால் அதைப் பின்பற்றுங்கள்.

எந்த நேரத்தில் ஏற்றுவது? பலர் காலையில் வேலை தொடங்கும்முன் ஏற்றுகிறார்கள். சேற்றுழவுக் காலத்தில் மாலையில் வேலை முடிந்தவுடன் ஏற்றுவதே மேல் என்பது என் கருத்து. அப்போது மூட்டு சூடாக இருக்கும்; உள்ளிருக்கும் கிறீஸ் இளகியிருக்கும்; புதுக் கிறீஸ் பகலில் உள்ளே புகுந்த தண்ணீரையும் சேற்றையும் வெளியே தள்ளிவிடும். காலைவரை பொறுத்தால் அந்தத் தண்ணீர் இரவு முழுவதும் ஊசிகளோடு குடியிருக்கும். துருவுக்கு ஓர் இரவு போதும்.

முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். பி.ரி.ஓ. நெம்பை விடுவித்தால் மட்டும் போதாது. எஞ்சினை நிறுத்தி, திறப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரொட்டவேற்றரை நிலத்தில் இறக்கிவையுங்கள். தண்டு முற்றாக நின்றபின்தான் கைவைக்க வேண்டும்.

பிறகு நிப்பிளைத் துணியால் துடையுங்கள். இந்த ஒரு சிறு வேலையைச் செய்யாவிட்டால் கிறீஸ் பம்ப் முதலில் சேற்றைத்தான் உள்ளே தள்ளும். அதற்குக் கிறீஸ் ஏற்றாமலே விட்டிருக்கலாம். துடைத்த நிப்பிளில் பம்பைப் பொருத்தி மெதுவாக அடியுங்கள். நான்கு தொப்பிகளின் அடியிலும் உள்ள றப்பர் விளிம்புகளைப் பாருங்கள். நான்கிலும் புதுக் கிறீஸ் எட்டிப்பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒரு கை பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். மூட்டு உடைவதும் அந்தக் கையால்தான். தண்டை அந்தப் பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் வளைத்து, தொப்பியின்மீது மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி, மறுபடியும் அடியுங்கள். அதற்கும் வராவிட்டால் அந்தக் குறுக்கைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் வேலைக்கு விடக்கூடாது.

கிறீஸ் எது? சாதாரணமாக வாகனங்களின் பெயாரிங்குகளுக்குப் பாவிக்கும் லிதியம் வகை, இரண்டாம் இலக்கக் கிறீஸ் பொருந்தும். எஞ்சினிலிருந்து வடித்த கழிவு ஒயிலைக் குறுக்கின்மேல் ஊற்றிவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அது றப்பர் விளிம்பைத் தாண்டி உள்ளே போகாது. வெளியில் நின்று தூசியையும் மண்ணையும் சேர்த்துக் களியாக்கி, அந்த விளிம்பைத்தான் தேய்க்கும். செலவில்லாத வைத்தியம், பலனும் இல்லாதது.

குறுக்கோடு நின்றுவிடாமல், ஒன்றினுள் ஒன்று நுழையும் குழாய்களுக்கும் கிறீஸ் பூசுங்கள். அவை காய்ந்து இறுகினால், ரொட்டவேற்றர் ஏறி இறங்கும்போது தண்டு நீளவோ குறுகவோ மாட்டாது. அந்த உந்தல் முழுவதும் ஒரு பக்கம் உழவு இயந்திரத்தின் பி.ரி.ஓ. பெயாரிங்கிலும் மறுபக்கம் கியர்ப்பெட்டியிலும் போய் முட்டும். அவற்றின் விலையோடு ஒப்பிட்டால் குறுக்கின் விலை ஒன்றுமில்லை.

நீளமும் வெட்டும் போல்ற்றும்

புதுத் தண்டு வாங்கினாலோ, வேறொரு கருவிக்கு மாற்றினாலோ நீளத்தைப் பாருங்கள். மிகக் குறுகிய நிலையில் குழாயின் முனை உள்ளே போய் முட்டக்கூடாது. குறைந்தது 25 மி.மீ. இடைவெளி மிஞ்சவேண்டும். மிக நீண்ட நிலையில் குழாய்கள் தம் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றினுள் ஒன்று இருக்கவேண்டும். நீளம் கூடினால் இரு குழாய்களையும், அவற்றின் காப்புகளையும் ஒரே அளவு வெட்டி, முனையை அரத்தினால் மழுக்கிவிடுங்கள்.

பல தண்டுகளில் ஒரு முனையில் வெட்டும் போல்ற் இருக்கும். கத்தி வேரிலோ கல்லிலோ சிக்கினால், மற்றவை உடையாமல் அது வெட்டுண்டு போவதற்காகவே அங்கே வைக்கப்பட்டது. அடிக்கடி வெட்டுப்படுகிறதே என்று அதன் இடத்தில் வலிய போல்ற்றைப் போடுவது, மின்சார வீட்டில் பியூஸ் கம்பிக்குப் பதிலாக ஆணி வைப்பது போன்றது. அடுத்த கல்லில் உடைவது போல்ற்றாக இராது. போல்ற்றின் தலையில் 4.6 அல்லது 8.8 என்று பொறித்திருக்கும் இலக்கம் அதன் வலிமையைக் காட்டுவது. கைநூல் சொல்லும் இலக்கத்தையே போடுங்கள். முன்னர் போட்டவர் எதைப் போட்டாரோ தெரியாது. ஆகவே பழையதைப் பார்த்து மட்டும் வாங்கவேண்டாம்.

காப்பு

தண்டின்மேல் ஒரு பிளாஸ்ரிக் உறையும், இரு முனைகளிலும் மணி போன்ற கூடுகளும், உறை சுழலாதபடி கட்டிவைக்க ஒரு மெல்லிய சங்கிலியும் புதுத் தண்டோடு வரும். கிறீஸ் ஏற்ற இடைஞ்சல் என்று முதலாம் போகத்திலேயே அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். உழவு இயந்திரத்தின் குறுந்தண்டுக்கு மேலே இருந்த தகரக் கூரையும் அதே வழியில் போய்விடும்.

கணக்கொன்று சொல்கிறேன். கவையின் விட்டம் 10 செ.மீ. என்று கொள்வோம். ஒரு சுற்றில் அது ஏறக்குறைய 31 செ.மீ. துணியைத் தன்மேல் சுற்றிக்கொள்ளும். செக்கனுக்கு 9 சுற்று. ஆகவே செக்கனுக்கு 2.8 மீற்றர். ஒரு சாரத்தின் சுற்றளவு ஏறக்குறைய இரண்டு மீற்றர். சாரத்தின் தலைப்போ, சேலையின் முந்தானையோ, அவிழ்ந்த கூந்தலோ ஒருமுறை பிடிபட்டால் 'ஐயோ' என்று சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிடும். இழுத்துப் பிடுங்கலாம் என்று எவரும் நினைக்கவேண்டாம். முழு உழவு இயந்திரத்தின் பலமும் மறுமுனையில் இழுக்கிறது. ஓடும் தண்டைத் தாண்டிக் கால்வைத்து மறுபக்கம் போவது களத்தில் அன்றாடம் காணும் காட்சி. சூடடிக்கும் இடத்தில் சிறுவர்களும் நிற்பார்கள். ஆபத்து அங்கேதான் அதிகம், ஏனென்றால் ரொட்டவேற்றரின் பின்னால் எவரும் போவதில்லை. சூடடிக்கும் இயந்திரத்தைச் சுற்றி எல்லோரும் நிற்கிறார்கள்.

உறையின் வேலை என்ன என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். துணி உறையில் பட்டால் உறை நிற்கவேண்டும். தண்டு மட்டும் உள்ளே சுழலவேண்டும். இயந்திரம் நின்றிருக்கும்போது உறையைக் கையால் சுற்றிப் பாருங்கள். தண்டை அசைக்காமல் உறை தனியே இலகுவாகச் சுற்றவேண்டும். இறுகியிருந்தால் அதன் உள்ளே முனைகளில் உள்ள நைலோன் வளையங்களுக்கும் கிறீஸ் வேண்டும். சோதித்தபின் சங்கிலியைக் கட்டிவிடுங்கள். சங்கிலி கட்டாத உறையும் தண்டோடு சேர்ந்து சுழலத் தொடங்கலாம். பிளாஸ்ரிக் தண்ணீர்க் குழாயைப் பிளந்து தண்டின்மேல் வரிந்து கட்டுவது காப்பு அல்ல. அது தண்டோடு சேர்ந்தே சுழலும். பார்ப்பவருக்குப் பாதுகாப்பென்ற எண்ணத்தை மட்டும் கொடுக்கும்.

இன்னொன்று. தண்டைக் குறுந்தண்டில் பூட்டும் ஊசி தொலைந்தால் அந்தத் துளையில் நீண்ட போல்ற் ஒன்றைச் செருகி, மிச்சத்தை வெளியே நீட்டி விடுகிறார்கள். அல்லது கம்பியால் முறுக்கி விடுகிறார்கள். துணியைக் கொளுவிப் பிடிக்க அதைவிட நல்ல கொக்கியை எவரும் செய்ய முடியாது. உரிய ஊசியையே போடவேண்டும். உறை வாங்கும்வரை, சூடடிக்கும்போது தண்டின் இரு பக்கமும் தடிகளை நட்டுக் கயிறு கட்டி, எவரும் கிட்டப் போகாமல் செய்யுங்கள். கயிறு தண்டை எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

நோயின் அறிகுறிகள்

குறுக்கு திடீரென்று உடைவதில்லை. அது பல நாளாகச் சொல்லிக்கொண்டே இருக்கும், கேட்பார்தான் இல்லை. தொப்பியின் விளிம்பில் செங்கல் மா போலச் சிவந்த தூள் படிந்திருந்தால், உள்ளே கிறீஸ் இல்லை, ஊசிகள் துருவாகி அரைபடுகின்றன என்று பொருள். அந்த நிலையில் கிறீஸ் ஏற்றினால் சத்தம் அடங்கும், நோய் போகாது. வேலை முடிந்து எல்லாம் நின்றபின் ஒவ்வொரு தொப்பியையும் விரலால் தொட்டுப் பாருங்கள். நான்கும் ஒரே சூடாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் சுட்டால் அதுதான் பட்டினி கிடப்பது. பி.ரி.ஓ.வைப் பூட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் எங்கோ இடைவெளி விழுந்திருக்கிறது.

உறுதிசெய்யத் தண்டைக் கழற்றி, ஒரு கவையை ஒரு கையாலும் மற்றதை மறுகையாலும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். ஆட்டம் கொஞ்சமும் இருக்கக்கூடாது. பிறகு மூட்டை மெதுவாக இரு திசையிலும் வளைத்துப் பாருங்கள். வழவழவென்று வளையவேண்டும். நேர்நிலைக்கு வரும்போது ஒரு குழியில் விழுந்தது போல நின்று, பிறகு விடுபட்டால், ஊசிகள் கையில் பள்ளம் பதித்துவிட்டன. அந்தக் குறுக்குக்கு வைத்தியமில்லை, மாற்றவேண்டியதுதான்.

குறுக்கை மாற்றுதல்

வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். தொப்பியின் விட்டமும், எதிரெதிர்த் தொப்பிகளின் வெளிமுனைகளுக்கு இடையிலான நீளமும் ஒத்துவரவேண்டும். உதாரணமாக 27 × 74.6 மி.மீ. என்பது பி.ரி.ஓ. தண்டுகளில் பரவலாக உள்ள ஓர் அளவு. கிட்டத்தட்டச் சரி என்பது இங்கே சரியல்ல. ஒரு மில்லிமீற்றர் குறைந்தால் சேர்கிளிப் பூட்டியபின்னும் குறுக்கு பக்கவாட்டில் ஆடும்.

கழற்றும்முன் கவைகளில் புள்ளி அடித்துக்கொள்ளுங்கள். சேர்கிளிப்புகளை எடுத்தபின், தொப்பியைச் சுத்தியலால் நேரே அடித்து இறக்குவது வழக்கம். கவையின் காது வளைந்துபோவது அப்போதுதான். வைஸ் இருந்தால் ஒரு பக்கம் தொப்பியைவிடச் சிறிய சொக்கற்றையும், மறுபக்கம் தொப்பி உள்ளே போகக்கூடிய பெரிய சொக்கற்றையும் வைத்து மெதுவாக இறுக்குங்கள். தொப்பி தானாக வெளியே வரும். வைஸ் இல்லாத இடத்தில் கவையை மரக்கட்டையின்மேல் நன்கு தாங்கவைத்து, பித்தளைத் துண்டொன்றை இடையில் பிடித்து அடியுங்கள்.

பூட்டும்போது சுத்தமான சாக்கோ பழைய பத்திரிகையோ விரித்துக்கொள்ளுங்கள். புதுத் தொப்பியின் ஊசிகளைக் கிறீஸால் ஒட்டி நிறுத்துங்கள். நிப்பிள் பம்ப் எட்டக்கூடிய பக்கம் இருக்கிறதா என்று தொப்பிகளை ஏற்றுமுன் பாருங்கள். எல்லாம் பூட்டிமுடிந்தபின் பார்த்துப் பயனில்லை. குறுக்கின் கையைத் தொப்பியினுள் வைத்துக்கொண்டே தொப்பியை உள்ளே அழுத்துங்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஓர் ஊசி சரிந்து தொப்பியின் அடியில் படுத்துவிடும். சேர்கிளிப் தன் பள்ளத்தில் விழ மறுத்தால் காரணம் பெரும்பாலும் அந்த ஒற்றை ஊசிதான். அடித்து இறுக்கவேண்டாம், திரும்பக் கழற்றி ஊசியை நிமிர்த்துங்கள்.

எல்லாம் பூட்டியபின் மூட்டு இறுக்கமாக இருந்தால் கவையின் காதுகளின் வெளிப்பக்கத்தில் இலேசாகத் தட்டுங்கள். தொப்பிகள் சேர்கிளிப்பின்மேல் போய் உட்கார, மூட்டு இளகும். கிறீஸ் ஏற்றி, நான்கு விளிம்பிலும் வருகிறதா என்று பார்த்து, உறையை மாட்டிச் சங்கிலியைக் கட்டுங்கள். முதல் அரை மணி நேரம் குறைந்த வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, தொப்பிகளைத் தொட்டுப் பாருங்கள். முதல்நாள் வேலை முடிந்ததும் நான்கு சேர்கிளிப்புகளும் தம் பள்ளத்தில் முழுமையாக இருக்கின்றனவா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு, அன்றைய கிறீஸை ஏற்றுங்கள்.